நூமாவுக்கு எப்போதும் அவசரம்

துசான்ஸ் மதுக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியப் பாட்டு நொண்ட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நொண்டுவது என்றால் தப்பாக வாசிப்பது அல்ல. தப்பாக வாசிக்கிறவனை துசான்ஸில் இரண்டாவது பாட்டுக்கு மேடையில் விடமாட்டார்கள். அந்த இடத்துக்கு இருக்கிற நல்ல பெயர் சும்மா வந்துவிடவில்லை. பாட்டு கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். நடுவில் எங்கேயோ, யாருக்கும் பிடிபடாத ஓர் இடத்தில், அதற்குக் கால் கனத்துவிடும். முடிக்கும்போது பார்த்தால் மேடையில் உள்ள அத்தனை பேரும் சவ ஊர்வல நடையில் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மிசிசிப்பி ஆற்று ஈரம் டிரம் தோலில் ஏறிவிட்டது என்றார்கள். புது டிரம்காரன் ஹோலிஸுக்குக் கை வராது என்றார்கள். அவன் பாவம், நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தான். "என் கை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பாட்டுதான் கூட வரமாட்டேங்குது" என்றான். உண்மைக் காரணம் இன்னதென்று நியூ ஆர்லியன்ஸில் வாத்தியம் தொட்ட எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும். செத்துப்போன பழைய டிரம்காரர் நூமாவை இன்னும் அவிழ்த்துவிடவில்லை.

வாத்தியக்காரன் செத்தால் வாத்தியத்தோடுதான் கொண்டுபோவார்கள். பேண்டு முன்னால், வண்டி பின்னால், ஒரு காலை வைத்து மறு காலை இழுக்கிற துக்க நடை. டிரம்மின் அடித்தோலுக்கும் அதன்மேல் இழுத்துக் கட்டிய கம்பிகளுக்கும் நடுவே ஒரு கைக்குட்டையைச் செருகிவிடுவார்கள். சடசடவென்று பேசுகிற டிரம் அப்போது வாய் பொத்தியதுபோல் மொத்து மொத்தென்று முனகும். கல்லறை நெருங்கியதும் பேண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி வண்டிக்கு வழிவிடும். 'அவிழ்த்துட்டோம்' என்று தலைவன் குரல் கொடுப்பான், டிரம்காரன் கைக்குட்டையை உருவுவான், பாட்டு துள்ளிக்கொண்டு புறப்படும். அழுத ஜனமெல்லாம் குடையை விரித்து ஆட ஆரம்பிக்கும். செத்தவன் அவன் வழி போவான், இருப்பவர்கள் தங்கள் வழி வருவார்கள்.

நூமாவின் ஊர்வலம் வழக்கப்படி துசான்ஸ் வாசலில் நின்றது. காலமெல்லாம் அவர் டிரம் வாசித்த இடம். அங்கே ஒரு வாய் குடித்து வழியனுப்பாவிட்டால் அடுக்குமா? பேண்டு உள்ளே போயிற்று, பெண்டாட்டி ஒடீலும் போனாள். அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இன்னும் நின்றால் இஞ்சின் மூழ்கிவிடும் என்று பயந்த வண்டிக்காரன், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நூமாவைத் தனியாகவே கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டான். இவர்கள் வெளியே வந்தபோது தெருவில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அன்று ஹோலிஸ் வாசித்தது நூமாவின் டிரம். அதில் செருகியிருந்தது ஒடீலின் கைக்குட்டை. "இனிமே அதை உருவுற உரிமை வீட்டுக்காரிக்குத்தான்" என்று டிரம்பெட்காரர் ஆக்டேவ் சொல்லிவிட்டார். நூமாவோடு கூடவே வளர்ந்த சிநேகிதர், பேண்டுக்கும் அவர்தான் தலைவர். ஒடீல் டிரம்மைப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள். டிரம் அப்படியே மதுக்கூடக் கண்ணாடிக்கு மேலே ஆணியில் ஏறிக்கொண்டது.

அதற்குப் பிறகு பூசைக்குப் போகாத ஞாயிறு உண்டு, துசான்ஸுக்குப் போகாத ஞாயிறு ஒடீலுக்கு இல்லை. போன வாரம் ஒன்றைத் தவிர. தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம் என்று ஹூமா என்கிற ஊர் வரைக்கும் போகவேண்டியிருந்தது. இந்த வாரம் கறுப்புத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கோவிலிலிருந்து நேராக வந்துவிட்டாள். கதவைத் தள்ளினாள். வெயில் வாசலோடு நின்றுகொண்டது. துசான்ஸுக்குள் எந்த நேரமும் அந்தி நேரம்தான்.

அவளுடைய முக்காலி டிரம்முக்கு நேர் கீழே, கடைசியில். கூடத்தை நடத்துகிற வெர்லீன் அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினவள். ஒரு கிளாஸில் சோம்பு மணக்கும் மதுவை ஊற்றி முன்னால் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"என்னடி, மொறைச்சுக்கிட்டு நிக்குற?" என்றாள் ஒடீல்.

"போன வாரம் நீ வரல."

"சொல்லிட்டுத்தானே போனேன்."

"போன வாரம் பாட்டு பறந்துச்சுடி." வெர்லீன் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு இடத்துல நொண்டல. ஜனம் மேஜையை ஒதுக்கிப் போட்டுட்டு ஆடுச்சு. நான்கூட ஆடினேன், இந்த முட்டியை வச்சுக்கிட்டு. கோழி வறுத்தது மொத்தமும் தீர்ந்துபோச்சு."

ஒடீலுக்குச் சுருக்கென்றது. "அப்ப நூமா என்கூட ஹூமாவுக்கு வந்திருந்தார்னு வச்சுக்கோ" என்றாள். சொன்ன பிறகு அது அவளுக்கே பிடித்திருந்தது.

"விளையாடாத. ஆக்டேவ் உங்கிட்ட சொல்லச் சொன்னார். இன்னிக்கும் நொண்டுச்சுன்னா ஞாயித்துக்கிழமை வாசிப்பை நிறுத்திடப் போறாங்க. என் தாத்தா காலத்துலேர்ந்து நிக்காத வாசிப்பு. இல்லாட்டி நீ அதை எறக்கி, கைக்குட்டையை உருவு." டிரம்மை நிமிர்ந்து பார்க்காமலேயே கட்டைவிரலால் மேலே காட்டினாள். அந்தக் கூடத்தில் அதை நிமிர்ந்து பார்க்கிறவள் ஒடீல் ஒருத்திதான்.

"மாட்டேன்" என்றாள் ஒடீல்.

அவளுடைய ரகசியம் அவளுக்கு. பாட்டு கனக்க ஆரம்பித்ததும் முக்காலியின் கால்மிதிக் கம்பியில் ஒரு துடிப்பு ஏறும். தரைப்பலகைக்கு அடியிலிருந்து யாரோ விரலால் தட்டுவதுபோல். முதல் தடவை பயந்து காலை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை எடுக்கவில்லை. பிறகு அந்தத் துடிப்போடு அவள் காலும் சேர்ந்து தட்டப் பழகிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லாமல், அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போன மனுஷன். இங்கே வந்தாலாவது அவளோடு கொஞ்ச நேரம் இருக்கிறார். அதையும் விட்டுக்கொடு என்றால் எந்தப் பெண்டாட்டி கொடுப்பாள்?

ஆக்டேவ் டிரம்பெட்டோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். பெரிய உடம்பு, பூனை நடை. "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. எனக்கும் அவன் இல்லாதது கையொடிஞ்ச மாதிரிதான். ஆனா வாசிக்கறப்ப என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. கிணத்துக்குள்ள யாரோ காலைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. ராத்திரி வீட்டுக்குப் போனா சோறு எறங்க மாட்டேங்குது."

"அவர் கையைப் பிடிச்சுத்தான் நீங்க மேலே வந்தீங்க, ஆக்டேவ். இப்ப பாரமாயிட்டாரா?"

"அப்படிச் சொல்லாதீங்க."

"வாசிங்க. அவருக்குப் பிடிச்ச அந்தக் குதிரைப் பாட்டை வாசிங்க. அவர் இருக்கறது உங்களுக்குத்தான் பயம். எனக்கு இல்ல."

ஆக்டேவ் மேடைக்குத் திரும்பினார். குதிரைப் பாட்டு என்று அவர்களுக்குள் பெயர். பந்தயக் குதிரை மாதிரி ஓடவேண்டிய பாட்டு அது. நூமா வாசித்த காலத்தில் பேண்டு அவர் பின்னால் மூச்சிரைக்க ஓடும். நூமாவோடு வாசிக்கக் கை போதாது, இரண்டு கால் கூடுதலாக வேண்டும் என்று கேலி செய்வார்கள். அவர் வாழ்க்கையே அப்படித்தான். கல்யாணத்தன்று பாதிரியார் கேள்வியை முடிக்கும் முன்னே 'ஆமாம்' என்று சொல்லிவிட்டார், கோவிலே சிரித்தது. தெருவில் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்போல் ஒடீலுக்கு முன்னால் ஓடுவார். ஓடி, மூலையில் மருந்துக்கடைத் திருப்பத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, ஊர் கேட்கக் கத்துவார்: "ஒடீல்! உனக்குக் கால் இல்லியா?" அவர்கள் சேர்ந்து நடந்த நாளெல்லாம் அதே திருப்பம், அதே கத்தல்.

பாட்டு கிளம்பியது. முன்வரிசை மேஜையில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்கள் தோளை ஆட்டினார்கள். ஒரு தம்பதி எழுந்து ஆடவே ஆரம்பித்தது. ஹோலிஸின் குச்சிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. வெர்லீன் ஒரு கையில் பாட்டிலோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகு அது வந்தது. எங்கே வந்தது என்று இந்தத் தடவையும் யாருக்கும் தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் பாவாடை சுற்றி வந்து அடங்க அதிக நேரம் எடுத்துக்கொண்டது. வெர்லீன் சாய்த்த பாட்டிலிலிருந்து மது தேன் மாதிரி இறங்கியது. கூரையில் சுற்றிய மின்விசிறியின் இறக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. தம்பதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஏதோ சவப்பெட்டியைக் குறுக்கே தாண்டிவிட்டவர்கள்போல் கூச்சத்தோடு நாற்காலிக்குத் திரும்பினார்கள். குதிரைப் பாட்டு ஒரு காலை வைத்து மறு காலை இழுத்தது.

ஒடீலின் காலுக்கு அடியில் துடிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். 'வந்துட்டியா மனுஷா' என்று மனதுக்குள் சொன்னாள்.

"அக்கா!"

ஹோலிஸ்தான் கூப்பிட்டான். வாசித்துக்கொண்டே கூப்பிட்டான். முகமெல்லாம் வேர்வை. "அக்கா, உங்க காலு!"

"என் காலுக்கு என்ன?"

"என் கண்ணு அங்கயே போகுது. வேணாம்னு நெனைச்சாலும் போகுது. உங்க கால் தட்டறதைத்தான் நான் வாசிச்சுக்கிட்டிருக்கேன். எல்லாரும் அதைத்தான் வாசிக்கறோம்!" அவன் குச்சி மட்டும் நிற்கவில்லை. "நூமா அண்ணன் என்னிக்கு மெதுவா வாசிச்சாரு?"

சில உண்மைகள் மூக்குக் கண்ணாடி மாதிரி. நெற்றியிலேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவோம். செத்தவன் மெதுவாகத்தான் நடப்பான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நூமா செத்த பிறகும் நூமாதானே என்று அத்தனை நாளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கூடப் படுத்து எழுந்த ஒடீலுக்கே தோன்றவில்லை.

குனிந்து பார்த்தாள். அவளுடைய கறுப்புச் செருப்பு, கம்பியின் மேல், நிதானமாக எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது. கல்லறைக்குப் போகிற நடை. அன்று மழையில் நின்றுபோன அதே நடை.

காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

மேடையும் நின்றது. ஹோலிஸின் குச்சி இறங்காமல் மேலேயே இருந்தது. பியானோக்காரரின் விரல்கள் கட்டையைத் தொடாமல் மிதந்தன. ஆக்டேவ் ஊதிக்கொண்டிருந்த ஒரே ஒரு சுரம் மட்டும் முடியாமல் நீண்டது. மூச்சு தீர்ந்து, கன்னம் ஒட்டி, கண் பிதுங்கி, அவர் பயத்தோடு டிரம்பெட்டைப் பார்த்தார். அது அவரைக் கேட்காமலே ஒலித்துக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் கைதட்டப் பார்த்துவிட்டு, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

அந்தச் சுரத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு மேலேயிருந்து. ஆணியில் தொங்கிய டிரம்முக்குள்ளிருந்து. துணிக்கு அடியில் மாட்டிக்கொண்ட குருவி அடித்துக்கொள்வதுபோல், மொத்து மொத்தென்று, வேக வேகமாக, ஒன்றின்மேல் ஒன்று இடறிக்கொண்டு. அதில் நிதானம் என்பதே இல்லை. பாதிரியார் கேள்வியை முடிக்கவிடாத அவசரம் அது. ஒடீல் அதை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்லிவிடுவாள்.

அவருக்குப் போகவேண்டும். இத்தனை நாளாக அவர் இங்கே வந்து உட்காரவில்லை. கட்டிப்போட்டிருந்த இடத்திலிருந்து திமிறிக்கொண்டிருந்தார். கம்பியில் ஏறிய துடிப்பு அவர் திமிறல். அதைச் சவ ஊர்வல நடையாக்கிக் கட்டிப்போட்டிருந்தது அவள் கால்.

"அவ்வளவு அவசரமா உனக்கு?" என்று ஒடீல் மேலே பார்த்துக் கேட்டாள். "நான் இங்க தனியா கெடக்கேனே, கொஞ்சம் இருந்தா என்ன? உசுரோட இருந்தப்பவும் எனக்கு முன்னால ஓடின. செத்தும் ஓடணுமா?"

டிரம்முக்குள் அடி இன்னும் வேகமெடுத்தது.

ஒடீலுக்கு அழுகை வந்தது. கூடவே, அடக்க முடியாமல், சிரிப்பும் வந்தது. "நாசமாப் போற மனுஷா" என்றாள். "வெர்லீன், அதை எறக்கு."

வெர்லீன் முட்டியை மறந்து ஒரு பாட்டில் பெட்டிமேல் ஏறினாள். டிரம்மைத் தொட்டதும் "அம்மாடி" என்று கையை இழுத்துக்கொண்டாள். "துடிக்குதுடி." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டாம் முறை பிடித்து இறக்கி ஒடீலின் மடியில் வைத்தாள். ஒடீல் அதைக் கவிழ்த்தாள். கம்பிகளுக்கு அடியில் விரலை விட்டாள். விட்ட விரல் அப்படியே நின்றுபோனது.

கைக்குட்டை ஈரமாக இருந்தது. சொட்டச் சொட்ட ஈரம். அந்த உலர்ந்த சுவரில் இத்தனை மாதம் தொங்கியும் அன்றைய மழை அதிலிருந்து போகவில்லை. பிழிந்தால் தெருச்சேற்றின் வாசனை வந்தது, அன்று சவப்பெட்டிமேல் வைத்த லில்லிப் பூ வாசனையும் வந்தது.

கையில் டிரம் பதறிக்கொண்டே இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். இன்னும் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவர் இருந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.

உருவினாள்.

கம்பிகள் தோலில் வந்து அறைந்தன. வெடி வெடித்ததுபோல் சத்தம். ஆக்டேவின் சுரம் அறுந்தது. மனுஷர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமி, நிமிர்ந்து, ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கத்தினார்: "அவிழ்த்துட்டோம்!"

ஹோலிஸ் ஓடிவந்து டிரம்மை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். அவன் குச்சியை வைப்பதற்குள் பாட்டு புறப்பட்டுவிட்டது என்று பிற்பாடு அவனே சொன்னான். பேண்டு மேடையை விட்டுக் குதித்து, மேஜைகளுக்கு நடுவே புகுந்து, கதவை உதைத்துத் திறந்து வெயிலுக்குள் இறங்கியது. பியானோக்காரர் பியானோவைத் தூக்க முடியாமல், கிடைத்த தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஜனம் குடையோடு வந்தது. யார் செத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெர்லீன் கடையைத் திறந்துபோட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஆடினாள்.

ஒடீல் கடைசியாக வந்தாள். கைக்குட்டையை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தாள். அப்படித்தான் ஆடவேண்டும், அவளுக்கு ஆடத் தெரியும். பாட்டு வேகமாகப் போயிற்று. அவள் கால் அதைப் பிடிக்கப் பார்த்துத் தவறியது, பிடித்தது, மறுபடி தவறியது. இந்த வேகத்துக்கு முன்பும் அவள் கால் எட்டியதில்லை.

பேண்டு மருந்துக்கடைத் திருப்பத்தை அடைந்து வளைந்தது. டிரம்பெட், டிரம், குடைகள், வெர்லீனின் ஏப்ரன் என்று ஒவ்வொன்றாக மூலையில் மறைந்தன. ஒடீல் நின்றுவிட்டாள். அந்த இடத்தில் எப்போதும் ஒருவர் நின்று திரும்புவார். திரும்பி ஊர் கேட்கக் கத்துவார்.

காத்திருந்தாள். வெயில் சுவரில் அடித்தது. பாட்டு அடுத்த தெருவுக்குள் போய்த் தேய்ந்தது. யாரும் திரும்பவில்லை.

கையை இறக்கினாள். கைக்குட்டை மொடமொடவென்று உலர்ந்திருந்தது.